வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மன்னார்புரம்,
6 ஜனவரி 2025, திங்கள்

அன்புள்ள ராக்குவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று முதல் வரியிலேயே கேட்டுவிடுகிறேன். நீ அதைப் பதிலில் கடைசி வரியில்தான் எழுதுவாய். போனில் கேட்கலாம் என்றால் என் குரல் உன் காதில் வெறும் இரைச்சலாக விழுகிறது. மாப்பிள்ளை அழகிரி நடுவில் நின்றுகொண்டு நான் சொல்வதை உன்னிடம் கத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. நாத்தனாரும் அண்ணியும் பேசுவதில் பாதி அவர் காதுக்கு உரியதல்ல.

நேற்று உன் மகள் சுபஸ்ரீ, தோழிகள் மூன்று பேருடன் காலை எட்டு மணிக்கு வந்தாள். இரண்டு நிமிடப் படம் என்றாள். இரண்டு நிமிடத்துக்கு மாலை ஐந்து மணி வரை என் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். ஹாலில் உன் அண்ணன் கட்டில் இருந்த இடத்தில் விளக்குக் கம்பம். ஊஞ்சல் பலகை சமையலறையில். புறப்படும்போது எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நாற்காலிகள் மட்டும் இரண்டங்குலம் தள்ளி இருந்தன. நான் சரி செய்துகொண்டேன்.

"முழுப் படம் எப்போது எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"முழுப் படம் கிடையாது அத்தை. திரில்லர் படத்தோட ஓபனிங் மட்டும்தான் எங்களுக்குப் ப்ராஜெக்ட். மிச்சத்தைப் பார்க்கிறவங்க மனசுல ஓட்டிக்கணும்."

"அதுக்குப் பேரு சோம்பேறித்தனம்" என்றேன். நான்கு பேரும் சிரித்தார்கள். உன் மகள் சிரித்தால் உன் அண்ணன் மூக்கு அப்படியே தெரிகிறது.

நிஷா என்ற பெண் கிழவியாக நடித்தாள். தலையில் டால்கம் பவுடரைக் கொட்டிக்கொண்டு, வில் போல் வளைந்து நடந்தாள். "எழுபத்து நாலு வயசுல நான் அப்படியா நடக்கிறேன்? என்னைப் பாரு" என்று ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினேன். அதன் பிறகு நிமிர்ந்து நடந்தாள். உடுத்த என் சாம்பல்நிறச் சுங்குடிப் புடவையைக் கொடுத்தேன். பவுடரோடு திரும்பி வந்திருக்கிறது.

சுபஸ்ரீ பாத்ரூம் கதவைப் பார்த்து, "ஏன் அத்தை தாழ்ப்பாள் வெளியிலயும் இருக்கு?" என்றாள். பெருச்சாளிக்காக என்றேன். அது தாழ்ப்பாளைத் திறக்குமா என்று ஒரே கேலி. சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வந்து, சோப்பைத் தின்றுவிட்டு வீடெல்லாம் உலாவும் பிராணியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்ததில்லை. இந்த வீட்டில் யார் அந்தக் கதவைக் கடந்து போனாலும் கை தானாகப் போய்த் தாழை இழுக்கும் என்று சொன்னேன். உன் கையும் அப்படித்தான், பத்து வயதிலிருந்து.

கதை என்ன என்று மட்டும் சொல்லவில்லை. சஸ்பென்ஸாம்.

அசதியாக இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் முழுக்க வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது. இதை அவளிடம் சொல்லாதே. அடுத்த ஞாயிறும் வந்து நிற்பாள்.

அன்புடன்,
சௌந்தரவல்லி


ஸ்ரீரங்கம்,
11 ஜனவரி 2025, சனி

பாசமுள்ள அண்ணிக்கு,

ராக்கு எழுதுவது. நீங்கள் சொன்ன மாதிரியே இடது பக்கம் ஓரம் விட்டு எழுதுகிறேன். வரி கோணினால் முழங்காலின் மேல் வைத்து எழுதுவதால் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலைப் பற்றி இரண்டாவது வரியிலேயே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா. வீக்கம் இருக்கிறது. படி இறங்க முடியவில்லை. அதனால்தான் எப்போதும் வருகிற சனிக்கிழமையாக இருந்தும் இன்றைக்கு வர முடியவில்லை. பொங்கல் கழிந்து வருகிறேன்.

என் பெண் உங்களைப் படுத்தியதற்கு மன்னிக்க வேண்டும். திரும்பி வந்ததிலிருந்து, "அத்தை நடந்து காட்டினாங்கம்மா, சூப்பரா இருந்துச்சு" என்று அவள் அப்பாவுக்கு நடந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து அலுப்போடு உட்கார்ந்தாலும் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இத்துடன் இரண்டு தாள் இருக்கிறது. முதல் தாள், உங்கள் வீட்டில் எடுத்த படத்தைக் கல்லூரியில் காட்டச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியது. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாவிட்டால் வாத்தியார் படத்தை வாங்கவே மாட்டாராம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். இது போனால் வருஷம் போச்சு என்று இப்போதே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது தாள், பார்த்தவர்கள் கருத்து எழுதுவது. எந்தக் காட்சி ஏன் பயமுறுத்தியது, எது நம்பும்படி இல்லை என்று எழுத வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாம் 'நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "அத்தைதான் உண்மையை எழுதுவாங்க" என்கிறாள். பத்தொன்பதாம் தேதி படத்தோடு வருவாள். நான் இன்னும் பார்க்கவில்லை. நம் குடும்பத்தில் முதலில் அத்தைதான் பார்க்க வேண்டுமாம்.

அண்ணி, வருகிற பிப்ரவரி ஒன்பதாம் தேதி வந்தால் அண்ணன் போய் இரண்டு வருஷம். எனக்கு நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் வருவதில்லை. அந்த வியாழக்கிழமை காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வையம்பட்டியில் இவர் அக்காள் பேத்திக்கு வளைகாப்பு என்று கூப்பிட்டதும் அங்கே போய்விட்டேன். நீங்கள் ஒன்றரை மணிக்கு வந்து பார்த்தபோது அண்ணன் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ராக்கு வந்துட்டாளா?" என்று கேட்டு அதோடு கண்ணை மூடினார் என்று சொன்னீர்களே, அது என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மற்ற எந்தச் சத்தமும் சரியாகக் கேட்காத காதில் அது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

நல்ல நாளில் இதை எழுதக் கூடாது. உங்களிடம் எழுதாமல் வேறு யாரிடம் எழுதுவது? பொங்கலுக்கு வாழைத்தார் அனுப்புகிறேன், ஜீயபுரத்துத் தோட்டத்துக் காய்.

உங்கள்,
ராக்கம்மாள்


மன்னார்புரம்,
20 ஜனவரி 2025, திங்கள்

ராக்கம்மாளுக்கு,

சுபஸ்ரீ நேற்று வந்தாள். லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படத்தைக் காட்டினாள். இரண்டு நிமிடம் பத்து விநாடி. அவளாக இரண்டு முறை காட்டினாள். மூன்றாவது முறை நான் கேட்டுப் பார்த்தேன். படிவத்தில் ஒரு கேள்விக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள். என் பதில் அதில் அடங்காது. அதனால் உனக்கு எழுதுகிறேன். அவளுக்கு வேண்டியதை நீ எடுத்துக் கொடு.

முதலில் திரை கறுப்பாக இருக்கிறது. வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வருகின்றன. இது நன்றாக இருக்கிறது. ஒன்றையும் காட்டாமல் காதை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். சத்தம் பாத்ரூமில் இருக்கிறது என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அங்கே ஆள் இருக்கிறார் என்றும் தெரிகிறது. யார் என்று தெரியாது. பயம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது சமையலறை. அடுப்பில் பால். கிழவியின் முதுகு. முகத்தைக் காட்டவில்லை. முகம் தெரியாதவளைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரி. தலையில் பவுடர் தெரிகிறது, அது தவறு. பால் பொங்கி வழிகிறது, அதை அவள் அணைக்கவில்லை. அதுவும் தவறு. மனசில் என்ன இருந்தாலும் பால் பொங்கினால் அடுப்பை அணைக்காத பெண் இந்த ஊரில் இல்லை.

பிறகு நடை. காமிராவைத் தரையில் வைத்திருக்கிறார்கள். சாம்பல்நிறப் புடவையின் கரை, செருப்பில்லாத கால். கால் நம்மை நோக்கி வர வர வீடு பெரிதாகிறது. சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டுகிறது. ஆனால் ஜன்னல் வெளிச்சம் சாயங்கால வெளிச்சம். பத்தே முக்காலுக்கு அந்தச் சுவரில் வெயில் விழாது, தரையில்தான் விழும். எனக்குத் தெரியும்.

பிறகு கதவு. கை. வெளிப்பக்கத் தாழ்ப்பாள். கை அதை இழுத்துப் பூட்டுகிறது. அந்த இடத்தில் ஒரு வயலின் அலறுகிறது. அது வேண்டாம். தாழ்ப்பாளின் சத்தமே போதும்.

தாழ் போட்டவள் நிற்கிறாள். கதவில் காது வைத்துக் கேட்கிறாள். புன்னகை செய்கிறாள். இதுதான் படத்தின் பெரிய பிழை. தாழ் போட்டவள் நின்று கேட்கமாட்டாள். அவள் கை தாழைப் போடும், மனசு வேறெங்கோ இருக்கும். நடந்துகொண்டே இருப்பாள். கண்ணாடியில் பொட்டைச் சரி செய்துகொள்வாள். கைப்பையை எடுப்பாள். ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் கதை வேறு. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடைசியில் ஆட்டோ கிளம்பும் சத்தம், காலி நடை, கதவு. தாழ்ப்பாள் உள்ளிருந்து அதிர்கிறது. ஒரு முறை. சற்று நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு முறை. திரை இருண்டுவிடுகிறது.

எந்தக் காட்சி உங்களைப் பயமுறுத்தியது, ஏன் என்பது நான்காவது கேள்வி.

ராக்கு, நான் கான்வென்ட்டில் படித்தவள். ஒருவர் என்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் முகத்தைப் பார்த்துச் சொல்வார் என்று எதிர்பார்ப்பவள். நீ பத்து வயதில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் தலையை வாரியவள். எனக்குப் பிள்ளை இல்லை என்ற குறையை நீ இருக்கும்போது நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லையா? உன் மகளை அனுப்பி, என் வீட்டிலேயே, என் புடவையைக் கட்டி, எனக்கே படம் போட்டுக் காட்ட வேண்டுமா?

நஸ்ருல்லா சொல்லியிருக்க வேண்டும். அவன்தான் அன்று என்னை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டவன். கான்வென்ட் பழைய மாணவிகள் கூட்டத்தில் எனக்குக் கொடுத்த கேடயத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் உள்ளே வந்தான். நான் தாழ்ப்பாளை நீக்கியதை அவன் பார்த்தான். அவனும் நானும்தான் உன் அண்ணனை பாத்ரூமிலிருந்து ஹால் கட்டிலுக்குத் தூக்கி வந்தோம். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் உன்னை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருகிறான். என்றைக்குச் சொன்னான்?

ஆமாம். அன்று பத்தே முக்காலுக்கு அந்தத் தாழைப் போட்டது நான்தான். உள்ளே ஆள் இருப்பது தெரியாது. அவர் தோட்டத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். நீ என்ன நினைத்தாலும் இது ஒன்றை மட்டும் நம்பு.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. யார் சொன்னது என்று எழுது. அதன் பிறகு பார்ப்போம்.

சௌந்தரவல்லி


ஸ்ரீரங்கம்,
24 ஜனவரி 2025, வெள்ளி

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தேன். பவுடர், பொங்குகிற பால் எல்லாம் வாசித்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன். இவரைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டவும் செய்தேன். 'ராக்கு, நான் கான்வென்ட்டில் படித்தவள்' என்ற இடத்தில் நிறுத்தினேன். நல்ல வேளை நிறுத்தினேன். "என்ன, அப்புறம் ஒண்ணும் இல்லையா?" என்றார். முடிந்துவிட்டது என்றேன்.

எனக்கு எதுவும் தெரியாது அண்ணி. யாரும் எதுவும் சொல்லவில்லை. நஸ்ருல்லா தம்பி இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "அய்யா நல்ல மனுஷன்" என்பான், அதற்கு மேல் பேசமாட்டான். அண்ணன் பாத்ரூமில் விழுந்தார் என்பதே எனக்கு உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். கட்டிலில் என்றுதானே எங்களுக்குச் சொன்னீர்கள்.

காரணத்தைச் சொல்லாமல் பெண்ணிடம் கேட்டேன். "ஏண்டி அந்தத் தாழ்ப்பாளை எடுத்தீங்க?" என்றதற்கு, "அத்தைதாம்மா பெருச்சாளின்னு சொன்னாங்க. சிரிச்சோம். சாப்பிடறப்ப நிஷா, 'உள்ள ஆள் இருக்கிறது தெரியாம யாராச்சும் போட்டுட்டா என்னடி ஆகும்'னா. தெரியாம போட்டா திரில்லர் ஆகாது, தெரிஞ்சே போடணும்னு நான்தான் மாத்தினேன். ஏம்மா, அத்தைக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். பிடித்திருக்கிறது, வயலின் மட்டும் வேண்டாம் என்றார்கள் என்று சொல்லிவிட்டேன். உடனே போய் அதை எடுத்துவிட்டாள். கடிகாரத்தில் பத்தே முக்கால் வந்தது, காலையில் எடுத்த காட்சியோடு ஒத்துப்போக அவர்களே முள்ளைத் திருப்பி வைத்ததாம்.

படத்தில் வருகிறவள் தெரிந்து போட்டவள். நீங்கள் தெரியாமல் போட்டவர். ஒரு பிள்ளைக் கூட்டம் விளையாட்டாகச் செய்ததை நீங்கள் உங்களுக்கென்று எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஒன்றை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். இனி அதைத் தெரியாதது ஆக்க என்னால் முடியாது.

தாழ்ப்பாளைப் பற்றி இப்போது நான் எதுவும் எழுதவில்லை. எழுத வரவில்லை. அதை மட்டும் வாசித்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன், முழங்காலைப் பார்த்திருக்கமாட்டேன். இரண்டாவது தரம் வாசித்தபோதுதான் வேறொன்று தோன்றியது. மூன்றாவது தரமும் வாசித்தேன். பத்தே முக்காலுக்குத் தாழ் போட்டிருக்கிறீர்கள். ஒன்றரை மணிக்குத் தாழை எடுத்திருக்கிறீர்கள். அண்ணனைத் தூக்கி வந்திருக்கிறீர்கள்.

அண்ணன் பேசினாரா அண்ணி?

'ராக்கு வந்துட்டாளா' என்று கேட்டாரா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். நாளைக்கு வரமாட்டேன். முழங்காலால் அல்ல.

ராக்கம்மாள்


மன்னார்புரம்,
27 ஜனவரி 2025, திங்கள்

அன்புள்ள ராக்குவுக்கு,

இல்லை. அவர் பேசவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்ச் சமையலறையில் இருந்த இரண்டு பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன். இப்போது மற்றதை எழுதுகிறேன். யாருக்கும் சொன்னதில்லை. வரிசையாக வருகிறதா என்று பார்.

அன்று கூட்டத்தில் நன்றியுரை சொல்லும் பொறுப்பு எனக்கு. நான்கு நாள் எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்திருந்தேன். பத்தே முக்காலுக்குக் கிளம்பும்போது பாத்ரூம் கதவு சாத்தி மட்டும் இருந்தது, தாழ் இல்லை. உன் அண்ணன் மட்டும் வெளியே வந்தால் என்றைக்குமே அந்தத் தாழைப் போடமாட்டார் என்பது உனக்குத் தெரியும். "எத்தனை தரம் சொல்றது?" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இழுத்தேன். உள்ளே சத்தம் இல்லை. தண்ணீர் ஓடவில்லை. ஓடியிருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் வாயில் நன்றியுரையின் முதல் வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று அவர் நான் சொன்னதைக் கேட்டாரா, பதில் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

ஒன்றரைக்கு வந்தேன். வீட்டில் பதில் இல்லை. தோட்டத்தில் பார்த்தேன், மாடியில் பார்த்தேன். கடைசியில்தான் அந்தக் கதவு. பெஞ்சமின் டாக்டர் கட்டிலில் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சும்மா. நெஞ்சு. ஒரு நிமிஷங்கூட ஆகியிருக்காது" என்றார். அந்த ஒரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பிளாஸ்டிக் மக் கதவின் கீழே கிடந்தது. கைப்பிடி உடைந்திருந்தது. விழும்போது கையிலிருந்து போய் உடைந்திருக்கலாம். கதவைத் தட்டி உடைந்திருக்கலாம். படத்தில் தாழ்ப்பாள் இரண்டு முறை அதிர்ந்ததே, நான் மூன்றாவது முறை அதற்காகத்தான் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் ஏன் இரண்டு என்று வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள. பிள்ளைகளுக்கு அது ஒரு எண். எனக்கு ஒவ்வொரு நாளும் அது வேறு எண்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நான்கு மணிக்கு நீ வையம்பட்டியிலிருந்து வந்து கட்டிலில் விழுந்து அழுதாய். "ஏதாச்சும் சொன்னாரா அண்ணி, ஏதாச்சும் சொன்னாரா?" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாய். உன் பெயரைச் சொன்னார் என்றேன். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் பொய் வேண்டாம். ஆறுதலுக்கு என்றால் 'ராக்குவைப் பார்த்துக்கோ' என்று சொன்னார் என்றிருக்கலாம். 'ராக்கு வந்துட்டாளா' என்று சொன்னார் என்றேன். நீ வருவதாகச் சொல்லிவிட்டு வராதது எனக்குத் தெரியும். நீ வந்திருந்தால் வீட்டில் ஒரு ஆள் இருந்திருக்கும். அதை அந்த நேரத்தில் நினைத்தேன். என் மேல் இருந்ததில் கொஞ்சத்தை எடுத்து உன் மேல் வைத்தேன். நீ அதைக் கேட்டதும் எப்படி உட்கார்ந்தாய் என்பதைப் பார்த்தேன். பார்த்தும் திருத்தவில்லை. முதல் நாள் திருத்தவில்லை, பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ வந்து அதைச் சொல்லி அழும்போதும் காபி கலந்து கொடுத்தேனே தவிரத் திருத்தவில்லை. அதற்குள் எனக்கே அவர் கேட்டது போல ஆகிவிட்டது.

காலையில் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "கண்ணாடிக் கூட்டை எங்க வச்சே?" என்பது. டிவி மேல் என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பிள்ளையின் வருடம் போக வேண்டாம். கருத்துப் படிவத்தையும் நிரப்பியிருக்கிறேன். நான்காவது கேள்விக்கு, கதவு அதிரும் காட்சி, நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று எழுதினேன். அந்தப் பெண் நின்று கேட்டுப் புன்னகை செய்வதை மட்டும் எடுத்துவிடச் சொல்.

ராக்கு, எனக்கு அலுத்துவிட்டது. கோபம் வந்தால் எழுது. எழுதாவிட்டாலும் அதற்கான காரணம் எனக்குத் தெரியும்.

உன்,
அண்ணி


ஸ்ரீரங்கம்,
6 பிப்ரவரி 2025, வியாழன்

அண்ணிக்கு,

தாள்கள் வந்து சேர்ந்தன. பெண் நேரத்தில் கொடுத்துவிட்டாள். நேற்றுக் கல்லூரியில் எல்லாப் படத்தையும் காட்டினார்கள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். இவருக்குக் கடை. நான் மட்டும் போனேன்.

நீங்கள் சொன்னபடி மாற்றியிருக்கிறாள். தாழை இழுத்துவிட்டு அந்தப் பெண் நிற்காமல் நடந்துபோய்விடுகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. வாத்தியார் எழுந்து அந்த இடத்தை மறுபடி ஒரு தரம் போடச் சொல்லி, இது முன்னால் இருந்ததைவிடப் பயமாக இருக்கிறது என்றாராம். எனக்கு அவர் சொன்னது கேட்கவில்லை, பெண் எழுதிக் காட்டினாள். படத்தின் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. கதவு அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்தேன்.

சாம்பல்நிறப் புடவை, நிமிர்ந்த நடை, அப்படியே நீங்கள். அவள் திரும்பாமல் போனதைப் பார்த்தபோது நானும் இப்படித்தான் போயிருப்பேன் என்று தோன்றியது. அந்த வீட்டில் வளர்ந்த கை எதுவும் அதைத்தான் செய்திருக்கும். தாழ்ப்பாளைப் பற்றி எனக்கு உங்கள் மேல் ஒன்றுமில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். மக்கைப் பற்றியும் பெஞ்சமின் டாக்டர் சொன்னதையே நான் வைத்துக்கொள்கிறேன். நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது அப்படியில்லை. வையம்பட்டியில் அன்று வளைகாப்பு நடந்ததே, அந்தப் பெண்ணுக்குப் பையன் பிறந்தான். ஒன்றே முக்கால் வயசாகிறது. நடக்கிறான், பேசுகிறான். அவனை நான் ஒரு தரம்கூடத் தூக்கியதில்லை. பெயர் வைக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மொட்டைக்குக் கூப்பிட்டார்கள், காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவனால்தானே அண்ணன் கேட்டபோது நான் இல்லை என்று மனசில் இருந்தது. இவருடைய அக்காள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். அந்தக் குழந்தை என்ன செய்தது அண்ணி?

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணாகிவிட்டது. வரவில்லை. வராததை எழுதினால் உங்களுக்குக் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நினைவு நாளுக்கு நான் வரமாட்டேன். அன்றைக்கு வையம்பட்டி போகிறேன், அந்தப் பிள்ளையைப் பார்க்க. சுபஸ்ரீயை உங்களிடம் அனுப்புகிறேன். அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். அண்ணன் படத்துக்கு அவள் பூப் போடட்டும்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. மத்தியானத்துக்கு எனக்கும் சேர்த்துச் சமைத்து வையுங்கள். வந்தால் சாப்பிடுகிறேன். ஒரு மணிக்குள் வராவிட்டால் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். ராக்கு வந்துட்டாளா என்று யாரிடமும் கேட்க வேண்டாம்.

ராக்கு